பிரேம் கடைக்காரரும் நாடிழந்த மூன்று பேரும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஏற்பாடு செய்திருந்தேன். மேஸ்திரி மூன்று பேரைக் கூட்டி வந்தார். இரண்டாம் நாள், ஏணியில் நின்றிருந்தவர் இறங்கி வந்து, "சார், என்னைத் தெரியுதா? பத்தாவது பி செக்‌ஷன். நீங்கதான் வரலாறு எடுத்தீங்க" என்றார். முகம் பிடிபடவில்லை. முப்பத்து மூன்று வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு எத்தனை முகம்தான் நிற்கும்! என் முழியைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "சார்ட் போட்டுக் குடுப்பேனே சார்."

அவ்வளவுதான். எல்லாம் வந்துவிட்டது.

முகாமிலிருந்து வந்த பையன். மதுரையைச் சுற்றி ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று இலங்கைத் தமிழர் முகாம்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். 1990-ல் கைக்குழந்தைகளோடு படகேறி வந்த குடும்பங்களில் ஒன்று அவனுடையது. பாடத்தில் சுமார்தான். ஆனால் கையில் பென்சில் இருந்தால் வேறு ஆள். மொகஞ்சதாரோவின் பெருங்குளம், திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள், தண்டி யாத்திரை என்று எனக்கு வேண்டிய சார்ட்டெல்லாம் அவன் போட்டுத் தந்ததுதான். ஒரு முறை ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்தத் தூண்களின் முன்னால் நின்று, "யார் வரைஞ்சது?" என்று கேட்டார். "நம்ம பையன்தான் சார்" என்றேன். பெயரைச் சொல்லவில்லை. அவர் பாராட்டியது என்னை. அன்று சாயங்காலம் பையனுக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். நான் ஓய்வு பெறும்வரை சில சார்ட்டுகள் வகுப்புச் சுவரில் தொங்கின. எதிலும் அவன் பெயர் இல்லை.

அந்தப் பையன்தான் இப்போது என் வீட்டு ஹாலுக்கு வெளிர் மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தான்.

நவம்பர் 10, பம்பாயில் கேகூ காந்தி என்கிற ஓவியக் கேலரிக்காரர் இறந்த நாள் (2012). மகாத்மாவுக்கு உறவில்லை. பார்சி. அவரைப் பற்றியும், அவர் காலத்தில் பம்பாய்க்கு வந்து சேர்ந்த சில அகதிகளைப் பற்றியும் சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஏணியிலிருந்து இறங்கி வந்த மாணவனுக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பொறுங்கள், வருகிறேன்.

முதலில் ஒரு இசையிலிருந்து தொடங்குகிறேன். என் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரு வயலின் இசையைக் கேட்டு விழித்தவர்கள்தான். விடிகாலையில் திருச்சி வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்குமுன் ஒலிக்குமே, அகில இந்திய வானொலியின் அடையாள இசை. சிவரஞ்சனி ராகச் சாயல் என்பார்கள். அம்மா அடுப்பு பற்றவைக்கும் சத்தமும் அந்த இசையும் சேர்ந்துதான் எனக்குக் காலை. அதை அமைத்தவர் வால்டர் காஃப்மன். இன்றைய செக் நாட்டின் கார்ல்ஸ்பாட் ஊரில் 1907-ல் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறு வருஷம், 1934-ல், பம்பாய்க்கு வந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் இங்கே இருந்தார். நாடு முழுவதும் கோடிக்கணக்கான வீடுகளை எழுப்பிய இசை ஓர் அகதியின் கையிலிருந்து வந்தது. எனக்கே இது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

யூதர்கள் இந்த மண்ணுக்குப் புதியவர்கள் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சேர அரசன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்கிற யூத வணிகத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற உரிமையும் 72 சலுகைகளும் கொடுத்த செப்பேடு கொச்சியில் இருக்கிறது. எழுத்து வட்டெழுத்து. அதில் அந்தப் பெயர் 'இசுப்பு இரப்பான்' என்று நம்ம வாய்க்கு ஏற்றபடி வருகிறது. கொச்சியின் பரதேசி சினகாக் 1568-ல் கட்டப்பட்டது. நம் சென்னையிலும் 17-ஆம் நூற்றாண்டில் யூத வியாபாரிகள் இருந்தார்கள். மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து கொடுத்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போனார்கள். ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இன்றும் இருக்கிறது.

ஆனால் அவர்கள் வியாபாரத்துக்கு வந்தவர்கள். 1930-களில் வந்தவர்கள் உயிருக்குப் பயந்து வந்தவர்கள்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. வியன்னா நகரத்தில் யூதர்களைத் தெருவில் முட்டிபோட வைத்துத் தரையைத் தேய்க்கச் சொன்னார்கள். ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது: 5,000 மார்க்குக்கு மேல் சொத்து வைத்திருக்கும் யூதர்கள் அத்தனை பேரும் அதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு எதற்கு? பிறகு பிடுங்குவதற்கு. நாட்டை விட்டுப் போவதற்கும் வரி. போகிறவன் வெறுங்கையோடு போக வேண்டும் என்பதே திட்டம். அந்த ஜூலையில் பிரான்ஸின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி இவர்களை யார் ஏற்றுக்கொள்வது என்று பேசின. அனுதாபம் நிறைய வந்தது. இடம் கொடுக்க ஏறக்குறைய யாரும் முன்வரவில்லை.

பிரிட்டிஷ் இந்தியாவும் கதவை முழுசாகத் திறந்துவிடவில்லை. இங்கே வேலை இருக்க வேண்டும், அல்லது யாராவது பொறுப்பேற்க வேண்டும். பம்பாய் யூதர்கள் 1934-லேயே ஒரு நிவாரணச் சங்கம் அமைத்து வருகிறவர்களுக்கு உதவினார்கள். வந்து சேர்ந்தது ஒரு சிறு கூட்டம்தான். டாக்டர்கள், எஞ்சினியர்கள், இசைக்காரர்கள், வியாபாரிகள். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் இன்னொரு கூத்து. ஜெர்மனியில் யூதன் என்று விரட்டப்பட்டவர்களையே இங்கே ஜெர்மானியன் என்று சொல்லி, 'எதிரி நாட்டான்' என்ற பெயரில் பிடித்து முகாமில் அடைத்தார்கள். விசாரணைக்குப் பிறகு பலரை விடுவித்தார்கள். 1941-ல் ஹிட்லர் அரசு வெளிநாட்டில் இருந்த யூதர்களின் குடியுரிமையையும் ரத்து செய்தது. எந்த நாட்டுக்காரர் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத நிலை. முகாமிலிருந்து பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன் என்பதால் இந்த வரியை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நிற்கிறது.

இப்படி ஐரோப்பாவை விட்டு வந்தவர்களில் மூன்று பேர் நம் கதைக்கு முக்கியம்.

முதலாமவர் ரூடி ஃபான் லேடன். 1908-ல் பெர்லினில் பிறந்தவர். கிறிஸ்தவராக வளர்ந்தாலும் யூத வேர் கொண்ட குடும்பம். நிலவியலில், அதாவது பாறை மண் படிக்கும் படிப்பில், டாக்டர் பட்டம் வாங்கியவர். 1933-ல் பம்பாய் வந்தார். பாறை படித்தவர் விளம்பரப் படம் வரைந்தார், டென்லி என்ற பெயரில் கேலிச்சித்திரம் போட்டார், டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஓவிய விமரிசனம் எழுதினார்.

இரண்டாமவர் வால்டர் லாங்ஹாமர். ஆஸ்திரிய ஓவியர். இவர் யூதர் இல்லை, மனைவி கேத்தே யூதர். மனைவிக்காகவும் கொள்கைக்காகவும் 1938-ல் நாட்டை விட்டார். டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் ஓவியப் பிரிவுத் தலைவர் ஆனார்.

மூன்றாமவர் இம்மானுவேல் ஷ்லெசிங்கர். வியன்னாவிலிருந்து தப்பி வந்த யூத வியாபாரி. பம்பாயில் இந்தோ-ஃபார்மா என்று மருந்துக் கம்பெனி நடத்தினார். ஓவியம் சேகரிப்பதில் தீராத ஆசை. ஒருவர் எழுதினார், ஒருவர் கற்றுக் கொடுத்தார், ஒருவர் வாங்கினார். இந்த மூன்று வேலையும் எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு அன்றைய பம்பாய் ஓவியர்களின் நிலைமையைப் பார்க்க வேண்டும்.

கே. எச். ஆரா என்று ஒருவர். 1914-ல் செகந்திராபாத் பக்கம் பொலாரத்தில் பிறந்தார். ஏழு வயதில் பம்பாய்க்கு ஓடி வந்தவர். வீட்டு வேலைக்காரராக இருந்தார், கார் துடைத்தார். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை போனார். வேலை முடிந்த நேரத்தில் வரைவார். எம். எஃப். ஹுசேன் 1915-ல் பண்டரிபுரத்தில் பிறந்தவர். சினிமா பேனர் வரைந்து பிழைத்தார், மரப் பொம்மையும் நாற்காலியும் வடிவமைத்தார். எஸ். எச். ரஸா அச்சுக்கு பிளாக் செய்யும் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். மூன்று பேருக்கும் கை இருந்தது. படத்தை மாட்ட ஒரு சுவர் இல்லை. காசு கொடுத்து வாங்க ஆள் இல்லை.

லாங்ஹாமர் வீடு நேப்பியன் கடல் சாலையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இளம் ஓவியர்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்கும். ஐரோப்பிய ஓவியங்களின் அச்சுப் பிரதிகளைக் காட்டுவார், அவர்கள் வரைந்ததைப் பார்ப்பார், திருத்துவார். ஆராவின் கையில் இருந்ததை முதலில் அடையாளம் கண்டு ஊக்கப்படுத்தியவர்களில் லேடன் முக்கியமானவர். 1942-ல் சேதனா உணவகத்தில் ஆராவின் முதல் தனிக் கண்காட்சி நடந்தது. வீட்டு வேலை பார்த்தவரின் படங்களைப் பார்க்கக் கோட்டு போட்ட கனவான்கள் வந்து நின்றார்கள். ஷ்லெசிங்கர் இந்த இளைஞர்களின் படங்களை விலை கொடுத்து வாங்கித் தன் வீட்டுச் சுவரில் மாட்டினார். உதவித்தொகை என்று கையில் திணிப்பது வேறு, விலை பேசி வாங்குவது வேறு. முதலாவதில் கொடுப்பவர் உயரத்தில் நிற்கிறார். இரண்டாவதில் இருவரும் ஒரே தரையில் நிற்கிறார்கள்.

இனி நம்ம கேகூ காந்தி. 1920-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தார். 1939-ல் விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் உலகப் போர் வந்துவிட்டது. திரும்பிப் போக வழியில்லை. பையனுக்கு வேலை வேண்டுமே! ரோஜர் வான் டம் என்ற பெல்ஜியத்துக்காரரோடு பழக்கமாகி, 1941-ல் படங்களுக்குச் சட்டம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். கம்பெனி பெயர் கெமோல்ட். நம்மூரில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சாமி படத்துக்குப் பிரேம் போட்டுக் கொடுக்கிறார்களே, அதே தொழில்தான்.

பிரேம் கடையில் ஒரு வசதி உண்டு. கடைக்கு ஒரு ஷோகேஸ் இருக்கும். அதில் வெறும் பிரேமை வைப்பதற்குப் பதில் ஆரா, ஹுசேன், ரஸா, ஹெப்பார் போன்றவர்களின் படங்களை மாட்டி வைத்தார் கேகூ. பிரேம் வாங்க வந்தவர்கள் படத்தையும் பார்த்தார்கள். லேடன், லாங்ஹாமர், ஷ்லெசிங்கர் மூவரோடும் அவருக்கு நட்பு உண்டானது. தனக்கு ஓவியம் பார்க்கக் கண் திறந்தது அந்தச் சகவாசத்தில்தான் என்பதை அவர் பிற்காலத்தில் மறைக்கவில்லை. புதிய ஓவியம் பம்பாயில் வேர் பிடித்த கதையை எழுதும்போது இந்த அகதிகளின் பங்கைத் தவறாமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

1947-ல், சுதந்திரம் வந்த அதே வருஷம், சூசா, ரஸா, ஹுசேன், ஆரா, காடே, பாக்ரே என்ற ஆறு பேர் சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். 1949-ல் அவர்களுடைய கண்காட்சியை முல்க் ராஜ் ஆனந்த் திறந்து வைத்தார். பெயர்களைப் பாருங்கள். கோவாக் கிறிஸ்தவர், முஸ்லிம்கள், இந்துக்கள். எழுதி ஆதரித்தவர்களிலும் வாங்கி ஆதரித்தவர்களிலும் யூத அகதிகள். பிரேம் போட்டவர் பார்சி. பிரிவினையில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு சுவரைச் சுற்றி இத்தனை பேர் ஒன்றாக நின்றிருக்கிறார்கள். நான் முப்பது வருஷம் 1947 பாடம் நடத்தியிருக்கிறேன். இதைச் சொன்னதே இல்லை. பாடப் புத்தகத்தில் இல்லை, அதனால் என் வாயிலும் இல்லை.

ஹுசேன் 1954-ல் வரைந்த 'கிராம யாத்திரை' என்ற படம் 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் சுமார் 118 கோடி ரூபாய்க்குப் போனது. பேனர் வரைந்த கை! சந்தையில் விலை ஏறிய பிறகு வாங்க ஆயிரம் பேர் வருவார்கள். விலையே இல்லாதபோது வாங்கிய ஒரு ஷ்லெசிங்கரைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அதே ஹுசேன் 2006-ல் நாட்டை விட்டுப் போய், 2011-ல் லண்டனில் இறந்து, அந்நாட்டிலேயே அடக்கமானார். அகதிகள் கைதூக்கிவிட்டவர் கடைசியில் அந்நிய மண்ணில் அடங்கினார். காரணங்களை நான் இங்கே விவாதிக்கப் போவதில்லை. மனசு கனக்கிறது, அவ்வளவுதான்.

சரி, பம்பாய்க் கதை போதும், நம் பக்கம் என்ன நடந்தது என்று கேட்கலாம். சென்னையில் கே. சி. எஸ். பணிக்கர் 1944-லேயே ஓர் ஓவியர் சங்கம் தொடங்கினார். கை உள்ளவர்களுக்குப் பஞ்சமில்லை. வாங்குகிறவர்களுக்குத்தான் பஞ்சம். 1966-ல் ஓவியர்கள் சேர்ந்து சோழமண்டலம் கிராமத்தை உருவாக்கியபோது, பட்டிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில்தான் அதை நிலைநிறுத்தினார்கள். படத்தை மட்டும் நம்பியிருந்தால் அடுப்பு எரிந்திருக்காது.

தெற்கே கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு இருந்தார். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். பிறகு அவரும் சீடர்களும் காலண்டருக்குச் சாமி படம் வரைந்தார்கள். சிவகாசியில் அச்சாகி ஊரெல்லாம் போனது. நம் பாட்டிமார் கும்பிட்ட முருகனும் மீனாட்சி கல்யாணமும் அவர்கள் கைவண்ணம். எத்தனை வீட்டில் அந்தப் பெயர் தெரியும்? மளிகைக் கடைப் பெயர் பெரிதாக இருக்கும், ஓவியர் கையெழுத்து மூலையில் பொடியாக இருக்கும். அதையும் பிரேம் போடும்போது சட்டம் மறைத்துவிடும்.

மதுரையைச் சொல்லவே வேண்டாம். இங்கே சினிமா பேனரும் கட்-அவுட்டும் திருவிழா மாதிரி. ஒவ்வொரு பெரிய தியேட்டர் வாசலிலும் முப்பது நாற்பது அடிக்கு எம்.ஜி.ஆரும் சிவாஜியும் நின்றார்கள். கட்டம் போட்டு, சாரத்தில் ஏறி, ராத்திரி முழுக்கக் கண் விழித்து வரைந்த கைகள் எத்தனை! ஃப்ளெக்ஸ் வந்தது. சில வருஷங்களில் அந்தத் தொழில் போய்விட்டது. சிலர் கடைப் பலகை எழுதப் போனார்கள், சிலர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனார்கள். பம்பாயில் பேனர் வரைந்த ஒருவரைப் பார்த்து நின்றவர்கள் இருந்தார்கள். நம் ஊர் பேனருக்கு முன்னால் நாமும் நின்றோம். நடிகரைப் பார்த்தோம். வரைந்தவரைப் பார்க்கவில்லை.

பிரேம் கடைக்காரர் பிறகு என்ன ஆனார் என்று சொல்லி முடிக்கிறேன். 1952-ல் பம்பாயில் ஜஹாங்கீர் ஓவியக் கூடம் திறந்தது. ஓவியர்களுக்குப் பொது இடம் வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் கேகூவும் ஒருவர். 1963-ல் அதே கட்டடத்தின் மாடியில் சின்ன இடத்தில் கெமோல்ட் கேலரியைத் தொடங்கினார். மனைவி கோர்ஷெத் பேருக்குத் துணை இல்லை, கேலரியை நடத்திய கை அவருடையது. நான்கு பிள்ளைகள். பாந்த்ரா கடலோரத்தில் அவர்களது கேகீ மன்ஸில் வீட்டில் ஓவியர்களின் வரத்து ஓயாது. அப்பாவின் தொழிலை மகள் ஷிரீன் 1988-ல் ஏற்றுக்கொண்டார். இன்னொரு மகள் பெஹ்ரோஸ் அந்த வீட்டைப் பற்றியே ஓர் ஆவணப்படம் எடுத்தார். வீட்டையும் கேலரியையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாத குடும்பம்.

1975-ல் அந்தக் கேலரியில் நடந்த ஒரு கண்காட்சியை நான் விசேஷமாகச் சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தின் வார்லி பழங்குடி மக்கள் கல்யாண வீட்டு மண்சுவரில் அரிசி மாவால் வரைவார்கள். பெண்கள் வரைவது, பெயர் போடாதது, விசேஷம் முடிந்தால் அழிவது. நம் வீட்டுக் கோலம் மாதிரி. அந்த மரபிலிருந்து வந்த ஜீவ்யா சோமா மாஷே என்பவரின் படங்களைக் கெமோல்டில் வைத்தார்கள். 'பழங்குடிக் கலை' என்ற மொட்டைப் பெயரில் கரைந்து போகாமல், ஓவியர் என்று அவர் பெயரோடு அறியப்பட்டார். 2011-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

1992-93 பம்பாய்க் கலவரத்தின்போது கேகூவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசும் மொஹல்லா அமைதிக் குழுக்களுக்காக ஓடியாடி வேலை செய்தார். இளமையில் அகதிகளோடு பழகியவருக்கு, பக்கத்து வீட்டுக்காரனை ஊரே விரட்டினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை என்று நான் நினைத்துக்கொள்கிறேன். 2009-ல் பத்மஸ்ரீ. 2012 நவம்பர் 10-ல், 92 வயதில் மறைந்தார்.

லேடன் கடைசிக் காலத்தில் நம் நாட்டுப் பழைய சீட்டுக் கட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். கஞ்சிஃபா என்று பெயர். தசாவதாரம் வரைந்த வட்டச் சீட்டுகள். சூதாடித் தூக்கிப் போடும் பொருள் என்று நாம் நினைத்ததில் ஓவியனின் கையைப் பார்த்தார். அதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1982-ல் லண்டனில் வெளிவந்தது. மறு வருஷம் இறந்தார். வீட்டு வேலைக்காரராக இருந்த ஆரா, பெயர் வந்த பிறகு, பம்பாயில் ஓவியர்களுக்கான ஒரு மையத்தைக் கவனித்துக்கொண்டு, கண்காட்சிக்கு வழியில்லாத இளைஞர்களுக்கு இடம் கொடுத்தார். தனக்குக் கிடைத்ததை அப்படியே அடுத்தவருக்குக் கைமாற்றிவிட்டார்.

இப்போது என் வீட்டு ஹாலுக்கு வருகிறேன்.

வேலை முடிந்த அன்று அந்த மாணவனை உட்காரச் சொன்னேன். வாத்தியார் வீட்டில் நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டான். காபி கொடுத்துவிட்டு, "இப்பவும் வரையிறியாப்பா?" என்றேன். சிரித்தான். "எங்க சார். ரோலர் பிடிச்ச கைக்கு பென்சில் நிக்க மாட்டேங்குது." முகாமில் இருக்கிற ஆண்கள் பலருக்கும் பெயிண்ட் வேலைதான் பிழைப்பு. 2021-ல் அகதி முகாம் என்ற பெயரை மாற்றி 'மறுவாழ்வு முகாம்' என்று வைத்தார்கள். நல்லது. வீடும் சிலருக்கு வந்திருக்கிறது. ஆனால் நாற்பது வயதுக்கு மேலான அவனுக்கு எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்டால் இன்னும் பதில் இல்லை.

நான் சார்ட் விஷயத்தைச் சொன்னேன். "உன் பேரைப் போட்டிருக்கணும்பா. எனக்குத் தோணலை." அவன் சங்கடப்பட்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லை சார்" என்று பேச்சை மாற்றினான். பிறகு அவனாகவே செல்போனை எடுத்துக் காட்டினான். எட்டாவது படிக்கும் மகள் வரைந்த படங்கள். ஒன்றில் முகாமின் தண்ணீர்க் குழாயடி. வரிசையில் பிளாஸ்டிக் குடங்கள், ஒவ்வொன்றும் வேறு நிறம். ஒரு குடத்தின் மேல் காக்கை உட்கார்ந்திருக்கிறது. மனுஷர் ஒருவரும் இல்லை, ஆனால் யார் யார் வீட்டுக் குடம் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது.

"இதை எனக்குக் குடுப்பாளா?" என்றேன்.

"எடுத்துக்கோங்க சார், இதுக்கென்ன?"

"சும்மா வேண்டாம்பா. விலை சொல்லச் சொல்லு."

அவன் ரொம்ப நேரம் மறுத்தான். சார்கிட்ட காசு வாங்குறதா என்றான். கடைசியில் மகளிடமே போனில் பேசினேன். அந்தப் பிள்ளை அப்பாவைவிடத் தெளிவு. கொஞ்சம் யோசித்து, "ஐந்நூறு ரூபா சார்" என்றது. பேரம் பேசாமல் கொடுத்தேன். படத்தின் கீழே முழுப் பெயரையும் தேதியையும் எழுதித் தரச் சொன்னேன்.

கோயில் பக்கத்தில் ஒரு கடையில் பிரேம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் வழக்கம்போல ஓரத்தைச் சட்டத்துக்குள் தள்ளி அளவெடுத்தார். "அண்ணே, கீழே பேர் இருக்கு. அது மறையக் கூடாது" என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, அரை அங்குலம் தள்ளி அளவெடுத்தார்.

இப்போது அது வெளிர் மஞ்சள் சுவரில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் "யார் வரைஞ்சது?" என்று கேட்கிறார்கள். பெயரைச் சொல்கிறேன். இங்கே மட்டும் எழுதவில்லை, சின்னப் பிள்ளை, அவள் அனுமதி வாங்க வேண்டும்.

நண்பர்களே, மதுரையில் பேனர், கட்-அவுட், நாடகத் திரை, கடைப் பலகை வரைந்தவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அவர்களிடம் கேட்டுவிட்டு, பெயரையும் எந்தத் தியேட்டர், எந்தப் படம் என்பதையும் கீழே எழுதுங்கள். ஒரு நோட்டில் எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை பதினொரு பெயர் சேர்ந்திருக்கிறது.